ஒத்துப்போன எண்கள்

சங்கரன்கோவில்
11 மே 2025

அன்புள்ள சாம்ராஜ் அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். ஆபீஸ் மெயிலில் எழுதாமல் என் சொந்த மெயிலில் எழுதுவதைப் பார்த்ததுமே ஏதோ விஷயம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். போனில் கேட்கத்தான் நினைத்தேன். பேச வந்தால் எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியாததா? ஆன்லைன் மீட்டிங்கில் சென்னை ஆபீஸ்காரர்கள் என் பெயரைச் சொன்னாலே நான் விழிப்பேன். நீங்கள்தான் நடுக்கடல் எண்ணெய் மேடையிலிருந்து, “அந்தப் பிள்ள சொல்ல வருதது என்னன்னா” என்று என் பேச்சையும் சேர்த்துப் பேசுவீர்கள்.

விஷயம் மேடையின் ஒன்பதாம் எண்ணெய்க் கிணறு.

கிணற்றை அளக்கும் ஏப்ரல் டெஸ்டுக்கு முன்னால், என் கம்ப்யூட்டர் மாடல் எவ்வளவு காட்டுகிறது என்று வழக்கம்போல் கேட்டீர்கள். நாளுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது பேரல் என்று எழுதினேன். அது தப்பு. எண்ணெய் ஏறிவரும் குழாயின் உள்விட்டத்தைப் போட வேண்டிய இடத்தில் வெளிவிட்டத்தைப் போட்டிருக்கிறேன். அன்று எனக்குக் காய்ச்சல். அதைக் காரணமாகச் சொல்லமாட்டேன், கவனக்குறைவுதான். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிணற்றின் குழாய் நிஜக் குழாயைவிட அகலமாகிவிட்டது, எண்ணெயும் கூடுதலாக வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். சரியான விட்டத்தைப் போட்டால் எண்ணூற்று எழுபது. அப்பா தறி ஷிப்டு முடிந்து வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். அவருக்கு என் வேலையை எப்போதும் ஒரே மாதிரிதான் விளக்குவேன். வயதான கிணற்றில் எண்ணெய் தன் கனத்தாலேயே ஏறாமல் நின்றுவிடும். ஆழத்தில் கேஸைச் செலுத்தினால் கலர் பாட்டிலைக் குலுக்கியதுபோல் இலேசாகிப் பொங்கிவரும். கேஸ் குறைந்தால் ஏறாது, கூடினால் குழாயைக் கேஸே அடைத்துக்கொள்ளும். எவ்வளவு சரி என்று கடலில் போய்ப் பரிசோதிக்க முடியாது என்பதால் கம்ப்யூட்டரில் ஒரு பொய்க்கிணறு கட்டிப் பரிசோதிக்கிறேன். அதைத் தப்பாகக் கட்டிவிட்டேன் என்றேன்.

“அதுக்கென்ன, நெசக் கெணறு காட்டிக்குடுத்திருமே” என்றார் அப்பா.

நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். எண்ணூற்றுச் சொச்சம் வரும், என் தப்பு வெளியே தெரியும், மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று வார்த்தைகளைக்கூட யோசித்து வைத்திருந்தேன். நீங்கள் அனுப்பிய முடிவு ஆயிரத்து நூற்று இருபத்தெட்டு.

அண்ணன், அந்தக் குழாயில் அவ்வளவு வர வழியே இல்லை. மீட்டரில் ஏதும் கோளாறா? நான் கேட்டது தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

தங்கை
ஜாய்லின்


கடல் மேடை
14 மே 2025

தங்கச்சி ஜாய்லினுக்கு,

அண்ணன் நலம். இங்கே வெயிலில் இரும்புக் கைப்பிடியைத் தொட முடியவில்லை. புதிதாக வந்திருக்கிற சமையல்காரன் சாம்பார் என்று ஒன்று வைக்கிறான். அதற்கு ஒன்பதாம் கிணற்றுத் தண்ணீர் தேவலை.

நீ கேட்டதற்கு வருகிறேன். இங்கே இருக்கிற மீட்டர் எல்லாம் பழசு. ஒரு நாள் கூட்டிக் காட்டும், ஒரு நாள் குறைத்துக் காட்டும். அன்றைக்குக் கூட்டிக் காட்டியிருக்கும். உன் தப்பும் மீட்டரின் தப்பும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டன, அவ்வளவுதான். பத்து வருஷமாகக் கடலில் கிடக்கிறேன், இதைவிட அதிசயமெல்லாம் பார்த்திருக்கிறேன்.

நீ அண்ணனையே கேள்வி கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாய் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இதைச் சௌந்தரபாண்டியன் காதுவரை கொண்டுபோகாதே. உன் மேனேஜர் நல்ல மனுஷன். இருந்தாலும் ஒரு கிணறு சந்தேகம் என்றால் பன்னிரண்டு கிணற்றையும் சந்தேகப்படுவார். உன்னை நிரந்தரமாக்கி நாலு மாசம்கூட ஆகவில்லை.

வீட்டுக்காரி இன்பம் போன் பண்ணினாள். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கரிவலத்திலிருந்து பஸ் ஏறி வந்து கோயிலில் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்தாளாம். பிள்ளை இளைத்துப்போயிருக்கிறது என்றாள். ஒழுங்காகச் சாப்பிடு.

மே டெஸ்டுக்கு ஆறும் ஒன்பதும் எடுக்கப் போகிறேன். மாடல் கணக்கை அனுப்பிவை.

அண்ணன்
சாம்ராஜ்


சங்கரன்கோவில்
2 ஜூன் 2025

அண்ணனுக்கு,

நான் ஒரு காரியம் செய்தேன். செய்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஆறாம் கிணற்றில் எழுநூற்று முப்பது வரும் என்று உங்களுக்கு எழுதினேன் அல்லவா? மாடல் அப்படிச் சொல்லவில்லை. அது சொன்னது ஐந்நூற்றுப் பத்து. எழுநூற்று முப்பது நானாக இட்டுக்கட்டிய எண். உங்களிடம் நான் சொன்ன முதல் பொய்.

உங்கள் டெஸ்ட் முடிவு வந்தது. எழுநூற்று இருபத்திரண்டு.

இந்தத் தடவையும் மீட்டர் என் பக்கமே சாய்ந்ததா?

டெஸ்டுக்கு ஒரு கிணற்றை மற்றவற்றிலிருந்து பிரித்து, டெஸ்ட் செப்பரேட்டருக்குத் திருப்பி, எண்ணெய், தண்ணீர், கேஸ் மூன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். மேடையிலிருந்து எல்லா அளவும் தானாகச் சென்னைக்கு வருகின்றன, இது ஒன்றைத் தவிர. இதை ஒரு ஆள் பக்கத்தில் நின்று பார்த்து எழுத வேண்டும். அந்த ஆள் நீங்கள். அதனால் பழைய முடிவுகளையெல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அக்டோபரில் ஒன்பதாம் கிணற்றின் முதல் டெஸ்ட் அறுநூற்று நாற்பது. மாடல் தொள்ளாயிரம் சொல்லியிருந்தது. மறுபடி எடுக்கச் சொன்னார்கள். மறுபடி எடுத்தது எண்ணூற்று எண்பத்தைந்து. அதற்குப் பிறகு எனக்கும் கடலுக்கும் ஒரு தடவைகூடக் கருத்து வேறுபாடு வரவில்லை. நீங்கள் லீவில் ஊருக்கு வந்த மாதங்களில் டெஸ்டே நடக்கவில்லை. உங்களுக்குப் பதிலாக நின்றவரை நீங்கள் தொடவிடவில்லை.

என்னை நிரந்தரமாக்கியது அந்தப் பொருத்தத்தைப் பார்த்துத்தான். அதைக்கூட விடுங்கள். இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் ஒன்பதாம் கிணற்றுக்குள் கம்பி இறக்கி, கேஸ் நுழைகிற வால்வை உருவிவிட்டுப் பெரிதாக ஒன்று வைக்கப் போகிறார்கள். என் மாடலைப் பார்த்து எடுத்த முடிவு. உருவுகிற நேரத்தில் குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் எவ்வளவு என்பதும் என் கணக்குதான். அது பொய்யானால் கருவி கம்பியோடு மேலே எகிறிவரும். மேலே நிற்பது மனிதர்கள்.

டெஸ்ட் எடுத்தீர்களா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.

ஜாய்லின்


கடல் மேடை
5 ஜூன் 2025

ஜாய்லினுக்கு,

எடுக்கவில்லை. அக்டோபரில் எடுத்த முதல் டெஸ்ட்தான் நிஜம்.

எலிக்குக் கருவாடு வைப்பதுபோல் எனக்கு எண் வைத்துப் பார்த்திருக்கிறாய். தலை குனிந்து நடக்கிற பிள்ளை என்றல்லவா உன்னைப் பற்றி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காரணத்தையும் கேட்டுக்கொள். டெஸ்ட் செப்பரேட்டரில் எண்ணெய் மட்டத்தைப் பிடிக்கிற வால்வு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் எண்ணெய் கேஸ் லைனில் ஏறி, மிச்ச கேஸை எரிக்கிற சிமினியில் போய்க் கறுப்பாகப் புகைந்தது. நிறுத்திச் சரிசெய்யலாம் என்று மேடை மேலாளரிடம் கேட்டேன். நிறுத்த முடியாது, ஆனால் மாசக் கடைசியில் எண் வேண்டும் என்றார். எப்படி வரும் என்று அவர் கேட்கவில்லை.

இனி உன் விஷயம். அறுநூற்று நாற்பதை நான் அனுப்பிய அன்று சௌந்தரபாண்டியன் எனக்குப் போன் போட்டார். “வே சாம்ராஜ், இந்தப் பிள்ள கணக்கு வெளங்குமா, இல்ல அனுப்பிருவமா?” என்று கேட்டார். உன் அப்பா தறியடியில் நிற்பது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. பிள்ளை நன்றாகத்தான் செய்கிறாள், மீட்டர்தான் சரியில்லை, மறுபடி எடுக்கிறேன் என்றேன். மறுபடி எடுத்தாலும் அறுநூற்றுச் சொச்சம்தான் வரும் என்று எனக்குத் தெரியாதா? உன் எண்ணையே கொஞ்சம் குறைத்து எழுதினேன். நீ பிழைத்தாய். அப்புறம் மாசாமாசம் அதுவே சுலபமாக இருந்தது. ஆனால் தொடங்கியது உனக்காகத்தான்.

ஜூலையில் என் காண்ட்ராக்ட் முடிகிறது. மகன் ரெஜின் இந்த வருஷம் பத்தாம் வகுப்பு. இந்த நேரத்தில் என்னைக் கவிழ்த்துவிடாதே. மாடலில் அறுநூற்று நாற்பதைப் போட்டு மாற்றிக்கொள். புது வெர்ஷன் என்று சொல். கிணற்று வால்வு வேலை தானாகத் தள்ளிப்போகும். உன் வேலையும் போகாது, என் வேலையும் போகாது.

சாம்ராஜ்


சங்கரன்கோவில்
8 ஜூன் 2025

அண்ணனுக்கு,

‘உனக்காக’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கு தப்பு என்று கடல் அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. அது எனக்குச் சொன்ன பதில். வந்திருந்தால் அழுதிருப்பேன். வேலையும் போயிருக்கலாம். இல்லை, எங்கே தப்பு என்று உட்கார்ந்து தேடியிருப்பேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் காலேஜுக்குப் போனவள் நான். போனது அப்படித் தேடுவதற்குத்தான். இவள் தேறமாட்டாள் என்று எனக்குப் பதிலாக நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். அதோடு எட்டு மாதம் என்னைப் பாராட்டியும் பேசினீர்கள். நான் கட்டிய கிணற்றுக்கு நானே சொன்ன எண்களை ஊட்டி வளர்த்திருக்கிறேன்.

ஜனவரியில் ஸ்தோத்திர ஆராதனை நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் லீவில் வந்திருந்தீர்கள். சாட்சி சொல்ல யாராவது உண்டா என்று போதகர் கேட்டார். அம்மா என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ சொல்லவே குரல் வராதவள், எழுந்து போய் மைக் முன்னால் நின்றேன். நான் கண்ணால் பார்க்காத ஒரு கிணறு கடலுக்கு அடியில் நான் சொன்னபடியே ஓடுகிறது, என் கணக்கை ஆண்டவர் ஆசீர்வதித்தார் என்றேன். ஆண்கள் பக்கத்திலிருந்து முதல் ஆமென் வந்தது. உங்கள் குரல். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னீர்கள்.

நான் தெரியாமல் பொய்ச்சாட்சி சொன்னேன். நீங்கள் தெரிந்தே ஆமென் சொன்னீர்கள். கறுப்புப் புகை, மேலாளர், ஒட்டிக்கொள்கிற வால்வு எல்லாம் எனக்குப் புரிகிறது. இது புரியவில்லை.

இன்று ஆராதனை முடிந்ததும் இன்பம் அக்கா ஒரு முறுக்குப் பொட்டலத்தை என் பைக்குள் திணித்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து அதைப் பிரிக்கவும் கை வரவில்லை.

மாடலை யாருக்கும் தெரியாமல் மாற்றமாட்டேன். நீங்கள் ஒன்று செய்யுங்கள். ஒன்பதாம் கிணற்றை நிஜமாகத் திருப்பி அளங்கள். இந்தத் தடவை முன்கூட்டி எந்த எண்ணும் தரமாட்டேன். வருவதை அப்படியே எழுதுங்கள். அதை வைத்துக்கொண்டு சென்னையில் நான் பேசுகிறேன். நானாகவே பேசுகிறேன்.

ஜாய்லின்


கடல் மேடை
13 ஜூன் 2025

ஜாய்லினுக்கு,

நேற்று அளந்தேன். மேலாளரிடம் கேட்கவில்லை. ஒட்டிக்கொள்கிற வால்வுக்குப் பக்கத்திலேயே நின்று, மட்டம் ஏற ஏறக் கையால் திறந்து மூடினேன். என் ஷிப்டு முடிந்தும் இறங்கவில்லை. உடம்பெல்லாம் எண்ணெய் நாற்றம், இரண்டு தடவை குளித்தும் போகவில்லை. மேலாளர் வந்து கத்திவிட்டுப் போனார்.

அறுநூற்று ஐம்பத்தைந்து.

இதை வைத்து என்ன செய்ய வேண்டுமோ செய். என் பெயரை மட்டும் எழுதாதே.

அந்த ஆமென். நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாய். கோயிலில் ஒரு சத்தம் இல்லை. யாராவது ஒருத்தர் ஏதாவது சொல்லாவிட்டால் அழுதுவிடுவாய் போலிருந்தது. சொன்னேன். அந்த நேரத்தில் எண்ணெயும் நினைவில் இல்லை, கிணறும் நினைவில் இல்லை. நம்புவதானால் நம்பு.

சாம்ராஜ்


சங்கரன்கோவில்
17 ஜூன் 2025

அண்ணனுக்கு,

அறுநூற்று ஐம்பத்தைந்தை ஒரு சாயங்காலம் முழுக்க நம்பினேன். மாடலில் போட்டேன். கேஸ் இத்தனை நாளும் தேவைக்கு மேல் போய்க்கொண்டிருந்திருக்கிறது, அதனால்தான் எண்ணெய் குறைவு என்று எல்லாம் ஒழுங்காக வந்து உட்கார்ந்தது. ஒழுங்காக உட்கார்ந்ததைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. இதற்கு முன்னாலும் எல்லாம் ஒழுங்காகத்தானே உட்கார்ந்தது?

அக்டோபரில் அறுநூற்று நாற்பது. அதோடு கொஞ்சம் கூட்டினால் இந்த எண். நம்பவைக்க நினைக்கிற ஒருவர் எழுதுவதானால் இப்படித்தான் எழுதுவார். கையால் வால்வைத் திறந்து மூடியதாக எழுதியிருக்கிறீர்கள். நிஜமாகவே இருக்கலாம். தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. கம்பி இறக்கப் போகிறவர்களுக்கும் வழியில்லை.

நேற்று சௌந்தரபாண்டியன் சாருக்கு எழுதிவிட்டேன். டெஸ்டுக்கு முன்னாலேயே எண்களை உங்களுக்குக் கொடுத்துவந்தது நான்தான் என்று முதலில் எழுதினேன். ஆறாம் கிணற்றுக்குப் பொய் எண் கொடுத்ததையும் எழுதினேன். அப்புறம் உங்கள் பெயர். பெயரில்லாமல் எழுதிப் பார்த்தேன். யார் அளந்தது என்ற கேள்வி அப்படியே நின்றது. வேறு ஆள் வந்து அளக்கட்டும், அதுவரை கிணற்று வால்வில் கைவைக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன்.

வால்வு வேலையை நிறுத்திவிட்டார்கள். என் லாகினையும் நிறுத்திவிட்டார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “நம்ம சபைக்காரனக் காட்டிக்குடுத்துட்டியேட்டி” என்றாள். அப்பா தறிக்குக் கிளம்பும்போது எப்போதும் என்னிடம் சொல்லிவிட்டுப் போவார், இன்று சொல்லாமல் போனார்.

ஜாய்லின்


கரிவலம்வந்தநல்லூர்
28 ஜூலை 2025

ஜாய்லினுக்கு,

பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில் இருந்துகொண்டு எழுதுகிறேன். வர மனமில்லை. நீயும் என்னைப் பார்க்க விரும்பமாட்டாய்.

காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. மேலாளர் அங்கேயேதான் இருக்கிறார். எப்படியாவது எண் வேண்டும் என்று கேட்டவரின் பெயர் எங்கேயும் இல்லை. எழுதியவன் பெயர்தான் இருக்கிறது. டீக்கடையில் சங்கரசுப்பு, “ஏலே சாம்ராசு, கடல்ல எண்ண தீந்துபோச்சா?” என்று கேட்டான். ஆமாம், மிச்சத்தை உனக்குத்தான் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். இன்பம் சங்கரன்கோவில் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நான் சொல்லி நிறுத்தவில்லை.

இதை எழுதக் காரணம் வேறு. மும்பையிலிருந்து ஒரு இஞ்சினியரை மேடைக்கு அனுப்பினார்கள். செப்பரேட்டரை நிறுத்தி வால்வைச் சரிசெய்தார்கள். ஒரு வருஷமாக நான் தொண்டை வறளக் கேட்டது, உன் ஒரே கடிதத்தில் நடந்தது. பிறகு அவர் ஒன்பதாம் கிணற்றை அளந்தார். என்னோடு வேலை பார்த்தவன் நேற்றுப் போன் பண்ணிச் சொன்னான்.

அறுநூற்று ஐம்பத்தொன்று.

நான் எழுதியது அறுநூற்று ஐம்பத்தைந்து.

எட்டு மாசம் பொய் எழுதினேன். அத்தனையையும் நம்பினாய். ஒரே ஒரு தடவை, எண்ணெயில் குளித்துக்கொண்டு நின்று, நிஜத்தை எழுதினேன். அன்றைக்குத்தான் காட்டிக்கொடுத்தாய்.

சாம்ராஜ்


சங்கரன்கோவில்
4 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் இரண்டு நாளாக நெட் கிடைக்கவில்லை. அதனால்தான் பதில் தாமதம். வேறு காரணம் இல்லை.

என்னை நீக்கவில்லை. மறுபடியும் பயிற்சிக்காலத்தில் போட்டிருக்கிறார்கள். போன வாரம் லாகின் திரும்பக் கிடைத்தது. ஒன்பதாம் கிணற்றை முதலிலிருந்து கட்டு என்று சொல்லி, மும்பைக்காரர் அளந்த எண்ணைக் கொடுத்தார்கள். அன்றுதான் உங்கள் கடிதமும் வந்தது. இரண்டிலும் அதே அறுநூற்று ஐம்பத்தொன்று.

நீங்கள் நிஜத்தைத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்கு அந்த நிமிடம் அழுகை வந்திருக்க வேண்டும். உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது வேறு. சௌந்தரபாண்டியன் சாருக்குப் போன் போட்டேன். நானாக அவருக்குப் போட்ட முதல் போன் அது. வாய் தடுமாறவில்லை. மும்பையிலிருந்து வந்தவர் அளப்பதற்கு முன்னால் உங்கள் எண்ணைப் பார்த்தாரா என்று கேட்டேன்.

“பாத்துட்டுத்தாம்மா போனாரு. சாம்ராஜ் எழுதுனது சரியான்னு பாக்கத்தான அவர அனுப்புனதே” என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நீங்களும் என் எண்ணைப் பார்த்துவிட்டுத்தானே எழுதினீர்கள்? வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை சார் என்று வைத்துவிட்டேன்.

மாடலைத் திறந்து வைத்திருக்கிறேன். எண்ணைக் கேட்கிற இடம் காலியாக இருக்கிறது. ஒன்பதாம் கிணற்றில் எவ்வளவு வருகிறது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான், அண்ணன். உங்களிடம் கேட்க என்னால் முடியவில்லை.

ஜாய்லின்